எங்கள் அட்டையில் இன்னொரு பெண்

"நீங்க இப்ப ஏழை இல்ல இபு" என்று அந்தப் பெண் சொன்னபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் பிடித்தது.

வார்டு அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஜாவாவில் மரியாதைக்குப் பெண்களை இபு என்போம், ஆண்களைப் பாக் என்போம். என் மகள் லாரஸை மேல்நிலைப் பள்ளியில் சேர்க்க, ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடங்களில் விண்ணப்பம் போடலாம் என்று போயிருந்தேன். அதற்கு ஒரு சான்று வேண்டும். வருஷா வருஷம் எங்கள் பெயர் ஏழைகள் பட்டியலில் இருக்கும். என் புருஷன் கடல் தாண்டிக் கலிமந்தான் தீவுக்குத் தோட்ட வேலைக்குப் போகிறேன் என்று போய் ஒன்பது வருஷம் ஆகிறது. போனவர் போனவர்தான். நான் ஊரார் துணிக்கு இஸ்திரி போட்டுப் பிழைக்கிறவள். எங்களை விட்டால் அந்தப் பட்டியலில் வேறு யார் இருக்க முடியும்?

"ஜனவரியிலயே உங்களை எடுத்தாச்சு" என்றாள் அவள், திரையைப் பார்த்துக்கொண்டே. "உங்க குடும்ப அட்டையில இருக்கிற ஒருத்தருக்குப் பெரிய கம்பெனி மருத்துவக் காப்பீடு கட்டுது. அப்படிப்பட்ட குடும்பத்தை எப்படி ஏழைன்னு சொல்றது?"

"யாருக்குங்க?"

"நதீன்னு ஒரு பொண்ணு. உறவுக்காரப் பொண்ணுன்னு போட்டிருக்கே."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மீன்காரி, "அடேயப்பா, ருமினி பணக்காரி ஆயிட்டா! விருந்து எப்பம்மா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் சந்தேகப்படுவார்களே. வெளியே வந்து ஜூன் மாத வெயிலில் நின்றேன்.

நதீன் என் உறவும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் பதினோரு வருஷமாக இஸ்திரி போடும் வீட்டு எஜமானி இபு ஹெனியின் ஒரே மகள். என் குடும்ப அட்டையில் அவள் பெயர் ஏறியதற்குக் காரணம் என் வீடு. வீடு என்றால் ஒரு அறையும் அரை அடுப்படியும்தான். ஆனால் அது நிற்கிற இடம் அப்படி. எங்கள் செமராங் நகரத்தில் பேர் பெற்ற அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் பின்சுவரை ஒட்டினாற்போல் எங்கள் சந்து. அந்தப் பள்ளியில் மூன்று வருஷம் படித்தவர்களைப் பல்கலைக்கழகம் வா வா என்று கூப்பிடும்.

முன்பெல்லாம் மதிப்பெண் பார்த்து எடுத்தார்கள். பிறகு, பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கே முதலிடம் என்று சட்டம் வந்தது. வீட்டுக்கும் பள்ளிக்கும் எத்தனை மீட்டர் என்று அளப்பார்கள். குறைந்தவர் முன்னே, கூடினவர் பின்னே. குடும்ப அட்டையில் உள்ள விலாசம்தான் வீடு. அந்த அட்டையில் பெயர் ஏறி ஒரு வருஷம் முடிந்திருக்க வேண்டும். சட்டம் வந்த அன்று எங்கள் சந்தில் பாயாசம் காய்ச்சாத குறைதான். முதல் தடவையாக, குடிசையில் இருப்பதால் ஒரு நல்லது நடக்கப் போகிறது என்று நினைத்தோம். எங்களைப் போன்ற முட்டாள்கள் கிடையாது.

போன வருஷம் மே மாதம் இபு ஹெனி அடுக்கு கேக் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு நான் துணி தேய்க்கும் அறைக்கே வந்தார். அவர் அந்த அறைக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

"ருமினி, நாம என்ன வேற வேறயா? ஒரே குடும்பம்தானே" என்றார். "நதீன் பேரை உன் அட்டையில கொஞ்ச நாள் வச்சுக்கோ. வெறும் பேர்தான். சாப்பாடு கேட்கப் போறாளா, இடம் கேட்கப் போறாளா?"

நதீனுக்கு அப்பா உண்டு, அம்மா உண்டு, தனி அறை உண்டு, கணக்குக்கு ஒரு வாத்தியார், ஆங்கிலத்துக்கு ஒரு வாத்தியார். அத்தனை இருந்தும் கணக்கு வீட்டுப்பாடத்தை நான் இஸ்திரி போட்டு முடிப்பதற்குள் என் லாரஸ்தான் தரையில் உட்கார்ந்து போட்டுக் கொடுப்பாள். நதீன் நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. லாரஸுக்குத் தன் பென்சில், தன் பழைய செருப்பு எல்லாம் கொடுப்பாள்.

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் தாட்சண்யம் என்று ஒரு வியாதி எங்கள் ஜாவாக்காரர்களுக்கு உண்டு. நம்மை ஆதரித்தவர் முகத்துக்கு நேரே 'முடியாது' என்ற சொல் வாயிலிருந்து வராது. லாரஸுக்கு டெங்கு வந்து கிடந்தபோது ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு நாள் கூடவே இருந்தவர் இபு ஹெனி. அதற்கு ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? கேக்கை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் சந்துத் தலைவர் பாக் டர்சோனோதான் காகிதமெல்லாம் தயார் செய்தார். அவர் கையெழுத்து இல்லாமல் எங்கள் சந்தில் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது. முத்திரை ஒட்டிய தாளில், இதில் எழுதியது எல்லாம் உண்மை என்று என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். மெல்ல மெல்லத்தான் எழுதினேன்.

வார்டு அலுவலகத்திலிருந்து நேரே இபு ஹெனியிடம்தான் ஓடினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, அந்தக் காப்பீட்டைப் பத்தி எனக்குத் தோணவே இல்லையே! சரி விடு, இப்ப என்ன கெட்டுப் போச்சு? தூரக் கணக்குல லாரஸுக்கு நிச்சயம். உன் வீட்டு வாசல்ல நின்னு துப்பினா பள்ளிக்கூடத்துக்குள்ள விழும். நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிறே?"

அதுவும் சரிதான் என்று திரும்பி வந்தேன். லாரஸுக்கு இந்தப் பள்ளி கிடைக்காவிட்டால் வேறு அரசுப் பள்ளி கிடையாது. மற்றவை எல்லாம் தூரம், அந்தந்தப் பள்ளியைச் சுற்றி அவரவர் பிள்ளைகள் இருப்பார்கள். தனியார் பள்ளிக்கு நான் எங்கே போவேன்? பதினைந்து வயதில் என் இஸ்திரிப் பெட்டியை அவள் கையில் கொடுக்க வேண்டியதுதான். அந்த நினைப்பு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பள்ளிச் சேர்க்கைப் பட்டியல் போனிலேயே தெரியும். நான்கு நாள் விண்ணப்பம். விண்ணப்பம் வர வர பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். தூரக் கணக்கில் தொண்ணூறு இடங்கள். முதல் நாள் காலையில் லாரஸ் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா, அறுபத்திரெண்டு! நதீன் அறுபத்தொண்ணு, அவளுக்கு அடுத்தது நான். ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்!"

"அப்ப இன்னும் இருபத்தெட்டு இடம் இருக்கா?"

"அட, என் அம்மாவுக்குக் கணக்கு வருதே!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அன்று இருவரும் சோயா டெம்பே பொரித்துச் சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள் எழுபத்தைந்து. மூன்றாம் நாள் மத்தியானம் எண்பத்தேழு. இவ்வளவு பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள்? எங்கள் சந்திலும் அக்கம்பக்கத்து மூன்று சந்துகளிலும் அந்த வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் இருந்தால் அதிகம். லாரஸ் பெயர்களைப் படிக்கப் படிக்க எனக்கு விஷயம் உறைத்தது. ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. பாக் டர்சோனோவின் இரண்டறை வீட்டில் மட்டும் அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை என்று ஆறு பேர். ஜாமு கஷாயம் விற்கும் கிழவியின் வீட்டில் இரண்டு பேர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நதீன். சந்தே சேர்ந்து தன் பிள்ளைகளின் இடத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், வெட்கப்பட்டுக்கொண்டு.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு நதீன் எண்பத்தொன்பது, லாரஸ் தொண்ணூறு. நான் அன்று வேலைக்குப் போகவில்லை. இருவரும் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். லாரஸ் விரலால் திரையை இழுத்து இழுத்து விடுவாள். பட்டியல் ஒரு கணம் மறைந்து திரும்ப வரும். அந்த ஒரு கணம் நான் மூச்சு விட மாட்டேன்.

பதினொன்றரைக்கு அது நடந்தது. நதீன் தொண்ணூறு. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சிவப்பு எழுத்தில் என் மகள் பெயர்.

"ஏண்டி, ரெண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே தூரம்தானே? அவ எப்படி மேல, நீ எப்படி கீழ?"

"ஒரே தூரம்னா வயசு பார்ப்பாங்கம்மா" என்றாள் லாரஸ், குரல் ஏறாமல் இறங்காமல். "அவ என்னைவிடப் பத்தொன்பது நாள் பெரியவ."

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகை வரவில்லை. இபு ஹெனி வேண்டுமென்று செய்யவில்லை. நானும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் என் கையாலேயே, மெல்ல மெல்ல எழுதி, கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் பாக் டர்சோனோ சந்தில் வீடு வீடாகப் போனார். வியர்த்து ஒழுகியது அவருக்கு. பள்ளியைச் சுற்றிப் போலி விலாசங்கள் என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்களாம். மறுநாள் காலை ஆட்கள் நேரில் வந்து சரிபார்ப்பார்களாம். அதற்குப் பிறகுதான் பட்டியலை மூடுவார்களாம்.

"வாயத் திறந்தீங்கன்னா எல்லாரும் உள்ள போக வேண்டியதுதான்" என்றார் என்னிடம். "முத்திரைத்தாள்ல கையெழுத்துப் போட்டது யாரு? நானா? நீ. பொய்க் காகிதத்துக்கு ஆறு வருஷம் ஜெயில். அப்புறம் உன் அட்டையையே முடக்கிடுவாங்க. அட்டை இல்லாதவ இந்த ஊர்ல மனுஷியே இல்ல, தெரியும்ல?"

"பாக், என் பொண்ணு ஒரே ஒரு இடத்துல தவறி நிக்கிறா. நதீன் பேரை எடுத்தா..."

"நதீன் பேரை எடுத்தா உன் பேரை எடுப்பாங்க. புத்தியோட இரு."

லாரஸ் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "அம்மா, அவரு சொல்றது நிஜமா?" என்றாள்.

"அவரு தன் தோலைக் காப்பாத்திக்கச் சொல்றாரு" என்றேன். ஆனால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆறு வருஷம். நான் உள்ளே போனால் இவளை யார் பார்ப்பார்கள்? அப்பா இல்லாதவள். எங்கள் குடும்பம் என்பதே நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி குறைந்தால் அது குடும்பமே இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் நதீன் வந்துவிட்டாள். கையில் ஒரு பை: தலையணை, இரண்டு உடை, பல் துலக்கும் பிரஷ். இபு ஹெனி சந்து முனையில் காரிலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டியலை அவரும் பார்த்திருப்பார். அதனால்தான் முகத்தைக் காட்டவில்லை என்று நினைத்தேன்.

லாரஸ் தன் ஆணியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துவிட்டு நதீனின் சட்டையை மாட்டினாள். நதீன், "லாரஸ், நான் இதைக் கேட்கவே இல்லடி" என்றாள்.

"தெரியும்" என்றாள் லாரஸ். "பிரஷ்ஷை அந்த டப்பாவுல போடு. வெளியில வச்சா எலி வரும்."

நான் வாசலில் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இந்தப் பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு இல்லீங்க.' அவ்வளவுதான். இதைச் சொன்னால் நதீன் பெயர் போகும், லாரஸ் தொண்ணூறாவதாக ஏறுவாள். சொன்னால் நான் ஜெயிலுக்குப் போவேன். அல்லது போக மாட்டேன். அட்டை போனால் லாரஸும் பட்டியலை விட்டுப் போவாள். அல்லது போக மாட்டாள். எது நடக்கும் என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லை. படித்தவர் என்று எனக்குத் தெரிந்தது இபு ஹெனி மட்டும்தான்.

ஒன்பது மணிக்கு வந்தது ஒரு இளம்பெண். முக்காடு போட்டிருந்தாள், கையில் பலகை போல ஒரு கணினி. ஏதோ பள்ளியில் ஆசிரியையாம். நான் போலீஸை எதிர்பார்த்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். அட்டையை வாங்கிப் பார்த்தாள். குடும்பத் தலைவர் நான். மகள் லாரஸ். உறவுக்காரர் நதீன்.

"வெயில் தாங்கல" என்று நதீனைப் பார்த்துச் சிரித்தாள். "கொஞ்சம் தண்ணி குடுக்கிறியாம்மா?"

நதீன் எழுந்தாள். எங்கள் வீட்டில் டம்ளர் இருக்கும் இடம் எது? கதவுக்குப் பின்னால் தொங்கும் கூடையில். இது நதீனுக்கு எப்படித் தெரியும்? அவள் பெட்டியைத் திறந்தாள், உள்ளே துணி. அடுப்படிக்குள் போனாள், அங்கே சட்டியும் கரண்டியும். திரும்பி வந்து அறை நடுவில் நின்றாள். நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும் வீடு. அதில் ஒரு வருஷமாக இருக்கிறவளுக்கு டம்ளர் எங்கே என்று தெரியவில்லை.

அந்த ஆசிரியை கணினியை மடியில் வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இபு, பயப்படாதீங்க. நான் யாரையும் மாட்டிவிட வரல. இந்த அட்டையில தப்பா ஏதாவது ஒரு பேர் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அந்தப் பேரை மட்டும் எடுத்துடுவேன், மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க பொண்ணு எத்தனாவது இடத்துல நிக்கிறான்னு எனக்குத் தெரியும்."

அவள் கண் நல்ல கண்ணாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காகிதத்தோடு வருகிறவர்கள் எப்போது இவ்வளவு இதமாகப் பேசினார்கள்? கணவன் பெயருக்குப் பதில் என்னைக் குடும்பத் தலைவர் என்று மாற்றப் போனபோது, ஏழைச் சான்றுக்குப் போனபோது, ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது, இதமாகப் பேசினவர் யாரும் எனக்கு நல்லது செய்ததில்லை. நம்பலாமா? வாக்கியம் தயாராக இருந்தது. சொல்லிவிடு ருமினி, சொல்லிவிடு.

அதற்குள் லாரஸ் எழுந்து, கதவுக்குப் பின்னாலிருந்து டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு கொண்டுவந்தாள்.

"காலையில நான்தான் பாத்திரத்தையெல்லாம் இடம் மாத்தி வச்சேங்க. அதான் அக்காவுக்குத் தெரியல" என்றாள். "எங்க அக்காதாங்க. என் பாயிலதான் படுத்துக்குவா. பாருங்க, தலையணை."

அவள் டம்ளரை நீட்டிய வேகத்தில் தண்ணீர் பாயில் சிந்தியது. ஆசிரியை டம்ளரை வாங்கிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க பொண்ணு சொல்றது சரியா இபு?"

"சரிதாங்க" என்றேன்.

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. கணினியில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன். தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

நதீன் லாரஸைக் கட்டிக்கொண்டு அழுதாள். லாரஸ் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு தலையணை, உடை, டப்பாவில் போட்ட பிரஷ் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் வைத்துக் கொடுத்து அனுப்பினாள். சந்து முனையில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

லாரஸ் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பட்டப்பகலில் நாங்கள் கதவைத் தாழ் போட்டதே இல்லை. கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, இனிமே உன்னைப் பிடிச்சிட்டுப் போக மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கடி."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப சரி" என்றாள். போனை எடுத்துப் பட்டியலை ஒரு தடவை பார்த்தாள். தொண்ணூற்றொன்று. சிவப்பு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிந்திய தண்ணீரைத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்காகப் பயந்தாள். நானும் எனக்காகத்தான் பயந்தேன். அவளுக்காகப் பயப்பட அந்த வீட்டில் ஒருத்தரும் இல்லை.